பள்ளி மாணவி எழுதிய நாவலும் பள்ளிப் பிள்ளைகளும்

அமெரிக்க தேசத்தில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பயிலும் நடுநிலைப் பள்ளிகளில், ஆங்கில உபாத்தியாயர்கள் வருஷந்தோறும் விரும்பி எடுத்துக்கொள்ளும் நாவல்களுள், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தன் ஸ்தானத்தை விட்டுக்கொடுக்காமல் நிலைத்திருப்பது 'தி அவுட்ஸைடர்ஸ்' என்ற சிறு நூல். அதை எழுதியவர் இலக்கிய சபைகளில் வீற்றிருந்த பெரியவர் எவரும் அல்லர். ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகரில், வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஸூஸன் எலோயிஸ் ஹிண்டன் என்ற மாணவி. 15 வயதில் தொடங்கி, 16 வயதில் பெரும்பகுதியை எழுதி, 1967 ஏப்ரலில் வைக்கிங் பிரசுராலயத்தார் அதை வெளியிட்டபோது அவருக்கு 18 வயதுதான் ஆகியிருந்தது. பையன்களின் சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் ஆண் விமரிசகர்கள் அலட்சியமாக ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சிய பதிப்பாளர்கள், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் வைத்து எஸ். இ. ஹிண்டன் என்று அட்டையில் அச்சிட்டார்கள். இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த வருஷத்தில் பள்ளியின் படைப்பெழுத்துப் பாடத்தில் தமக்குக் கிடைத்தது தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் 'டி' என்ற மதிப்பெண்தான் என்று ஹிண்டன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வகுப்பறைக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை மறவாதிருப்பது நல்லது.

அந்நாட்களில் பதின்ம வயதினருக்கென்று வந்த புத்தகங்களில் நடன விருந்துக்கு அழைப்பு வருமா வராதா என்று ஏங்கும் பெண்ணும், பந்தயத்தில் வெற்றி பெறும் பையனும், அவன் வளர்க்கும் குதிரையுமே பெரும்பாலும் உலவிக்கொண்டிருந்தார்கள். பள்ளியிலோ 'ஸைலஸ் மார்னர்', 'ஜூலியஸ் ஸீஸர்' போன்ற பெரும் நூல்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, தன் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் தினந்தோறும் கண்ணால் காணும் வர்க்க பேதமும், சினிமா பார்த்துவிட்டுத் தனியே நடந்து வரும் தோழனை வழிமறித்து அடிக்கும் பணக்காரப் பையன்களின் அகங்காரமும் எந்தப் புத்தகத்திலும் இடம் பெறவில்லையே என்ற ஆத்திரமே ஹிண்டனை எழுத வைத்தது. 1967 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் புத்தகப் பகுதியில் அவர் இதே குறையை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அடுத்தடுத்து ராபர்ட் லிப்ஸைட், பால் ஸிண்டல் முதலியோரின் நாவல்களும் வரவே, இளைஞர் இலக்கியம் என்று இன்று நூலகங்களில் தனி அலமாரி பெற்றிருக்கும் பிரிவு வேரூன்றியது.

கதை மிக நேரானது. நகரின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பையன்கள்; தலைமயிரை நீள வளர்த்து எண்ணெய் தடவி வாருவதால் கிரீஸர்கள் என்று பெயர் பெற்றவர்கள். மேற்குப் பகுதியில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். ஸோஷ்கள் என்பது அவர்களுக்குரிய பெயர். தாய் தந்தையரை மோட்டார் விபத்தில் இழந்து, தமையன்மார் டாரி, ஸோடாபாப் இருவருடைய பராமரிப்பில் வளரும் 14 வயது போனிபாய் கதையைத் தானே சொல்கிறான். ஒரு நாள் நள்ளிரவில் பூங்காவின் நீரூற்றில் ஸோஷ்கள் அவனை அழுத்தி மூச்சுத் திணற வைக்கும்போது, தகப்பனின் அடியைத் தவிர வேறொன்றையும் வீட்டில் அறியாத தோழன் ஜானி, பயத்தின் உச்சியில் கத்தியை வீசிவிட, பாப் என்ற பையன் இறந்து போகிறான். இருவரும் சரக்கு ரயிலேறி ஓடி, மலைமேல் பாழடைந்து கிடக்கும் ஒரு தேவாலயத்தில் ஒளிகிறார்கள். பின்னர் அந்தக் கட்டடம் தீப்பிடிக்கையில் உள்ளே சிக்கிய குழந்தைகளைக் காப்பாற்றப் போய் ஜானி முதுகெலும்பு முறிந்து சில நாளில் மரிக்கிறான். அந்தத் துயரம் தாங்காத டாலி என்ற மூர்க்கனான தோழன், குண்டு இல்லாத துப்பாக்கியைப் போலீஸாரிடம் நீட்டித் தானே சாவைத் தேடிக்கொள்கிறான்.

இவ்வளவும் ஒரு சினிமாவுக்குரிய சம்பவங்களே அன்றோ, இதில் போதிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம், கேட்டவர்களும் உண்டு. விடை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மரணங்களுக்குப் பின் மனம் பேதலித்துப் படிப்பில் பின்தங்கிவிட்ட போனிபாயை அவனுடைய ஆங்கில உபாத்தியாயர் ஸைம் அழைத்து, நல்லதாக ஒரு வியாசம் எழுதிக் கொடுத்தால் தேர்ச்சி கொடுத்துவிடுகிறேன் என்கிறார். எதை எழுதுவது என்று தெரியாமல் திகைத்திருக்கும் பையன், ஜானி விட்டுச் சென்ற கடிதத்தைப் படித்த பிறகு, தன் போன்ற பையன்களைப் பற்றி ஒருவரும் அறியாதிருப்பதை உணர்ந்து, பேனாவை எடுக்கிறான். நாவலின் முதல் வாக்கியமே கடைசி வாக்கியமாகத் திரும்ப வருகிறது. அதாவது, வாசகன் இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தது ஆங்கில வகுப்புக்காக ஒரு மாணவன் எழுதிய வியாசம்! வகுப்பறையில் பிறந்ததாகத் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும் நாவலை வகுப்பறையில் போதிக்கும்போது, அந்தப் போதனை பரீட்சையில் போய் முடியலாமா, மாணவனுடைய சொந்த எழுத்தில் போய் முடிய வேண்டுமா என்பதே நான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம். எழுத்தில்தான் முடிய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊரில் துணைப்பாட நூல் என்று ஒன்றை வைத்து, கதைச் சுருக்கத்தை மனனம் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, அங்கே நடப்பது சற்று வியப்பாக இருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, வாரக்கணக்கில், நாளுக்கு ஓர் அத்தியாயமோ அரை அத்தியாயமோ வாசித்து, விவாதித்து, குறிப்பு எழுதிப் போகிறார்கள். அங்கும் ஒர்க்‌ஷீட் என்ற வியாதி இல்லாமல் இல்லை. அத்தியாயத்துக்குப் பத்துக் கேள்வி, டாரியின் தலைமயிர் என்ன நிறம், தேவாலயம் எந்த மலையில் இருந்தது என்றெல்லாம் கேட்டு, கதையின் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையைப் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி வைக்கும் உபாத்தியாயர், படித்தானா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்கிறாரே ஒழிய, படித்தது என்ன செய்தது என்பதை ஒருநாளும் தெரிந்துகொள்வதில்லை. 1938-ஆம் வருஷத்திலேயே லூயிஸ் ரோஸன்பிளாட் என்ற பேராசிரியை, இலக்கிய அனுபவம் நூலில் மட்டும் உறைவதும் அன்று, வாசகனிடம் மட்டும் உறைவதும் அன்று, இரண்டும் சந்திக்கும் இடத்தில் உண்டாவது என்று விஸ்தாரமாக எழுதினார். அந்தச் சந்திப்புக்கு அவகாசம் கொடுப்பதும், அதற்குக் குறுக்கே நிற்காதிருப்பதுமே உபாத்தியாயரின் முதற்கடமை.

முதல் அத்தியாயத்தை உபாத்தியாயரே உரக்க வாசிக்க வேண்டும் என்பேன். போனிபாயின் குரல் எழுத்தைக் காட்டிலும் பேச்சுக்கு நெருக்கமானது. அந்தத் தொனி ஒருமுறை செவியில் விழுந்துவிட்டால், வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் பிற்பாடு தனியே படிக்கையில் அதே குரலைக் கேட்டுக்கொண்டு போவான். தொடக்கத்திலேயே இருதரப்புப் பையன்களின் பெயர்களும் ஏராளமாக வந்து குவிவதால், பலகையில் ஓர் ஓரமாக அவற்றை எழுதி வைப்பது மட்டுமே அப்போதைக்குப் போதுமான உதவி. மேலும் அந்த அத்தியாயத்திலேயே ஓர் அருமையான இடம் இருக்கிறது. பள்ளியில் பாடமாக வைத்திருக்கும் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் படிக்கும் போனிபாய், அதில் வரும் பிப் என்ற சிறுவனின் கூச்சத்திலும் தாழ்வுணர்ச்சியிலும் தன் கூட்டத்தாரைக் காண்கிறான். பாடப் புத்தகத்தில் தன்னைக் கண்டுகொள்ளும் பிள்ளை எப்படியிருப்பான் என்பதை நாவலே காட்டிவிடுகிறது. உபாத்தியாயர் தனியே உபதேசிக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைசொல்லியை நம்பாதிருக்கக் கற்றுக்கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரிந்தவரை இல்லை. மூத்த தமையன் டாரிக்குத் தன்மேல் அன்பே கிடையாது, தன்னை ஒரு பாரமாகவே கருதுகிறான் என்று போனிபாய் அத்தியாயந்தோறும் சாதிக்கிறான். ஆனால் அவன் சொல்லும் சம்பவங்களையே கூர்ந்து பார்த்தால், 20 வயதில் கல்லூரி ஆசையைத் துறந்து, தம்பிமாருக்காக உழைத்து உழைத்து ஓய்ந்து, அவர்களைச் சர்க்கார் பிரித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பீதியில் கடுகடுத்துப் பேசும் ஒரு தமையனின் முகம் தெரியும். பிற்பகுதியில் காய்ச்சலும் துக்கமும் சேர்ந்து, பாப்பைக் கொன்றவன் தானே என்றும் ஜானி சாகவே இல்லை என்றும் போனிபாய் பிதற்றும் கட்டத்தில், பிள்ளைகள் ஆசனத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். இத்தனை நாள் நாம் நம்பி வந்தவன் இப்போது உண்மையல்லாததைச் சொல்கிறானே என்று தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தைச் சட்டென்று தீர்த்து வைக்கக் கூடாது. பின்னோக்கிப் போய், டாரியைப் பற்றிச் சொன்னவற்றில் எது கண்டது, எது நினைத்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னால், பெரிய வகுப்புகளில் விமரிசனக் கலைச்சொற்களோடு கற்பிக்கப்படும் நுட்பம் ஒன்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் கைப்படவே கண்டுபிடித்துவிடுகிறான்.

ஆனால் உபாத்தியாயரின் தகுதியை உண்மையில் பரீட்சிக்கும் இடம் ஐந்தாம் அத்தியாயம். ஒளிந்திருக்கும் பையன்கள் இருவரும் 'கான் வித் தி விண்ட்' நாவலை ஒருவருக்கொருவர் வாசித்துப் பொழுதைக் கழிக்கிறார்கள்; ஒரு நாள் விடியலில், பனியின்மேல் பொன்னொளி பரவி மறைவதைக் காணும் போனிபாய், ராபர்ட் ஃபிராஸ்ட் 1923-இல் வெளியிட்ட எட்டே வரிக் கவிதை ஒன்றைச் சொல்கிறான். சொல்லிவிட்டு, இதன் கருத்து தனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, அதனால்தான் நினைவிலேயே இருக்கிறது என்றும் ஒப்புக்கொள்கிறான். கவிதையைக் கண்ட மாத்திரத்தில் பெரும்பாலான உபாத்தியாயர்கள் அங்கேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பொன் எதற்குக் குறியீடு, ஏதேன் தோட்டம் ஏன் வருகிறது, எதுகை எங்கே, உருவகம் எங்கே என்று இரண்டு நாள் வியாக்கியானம் செய்துவிடுகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் நாவலாசிரியையின் ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறார்களே என்று வருந்துகிறேன். கதாநாயகனுக்கே விளங்காத கவிதையை வாசகனுக்கு மட்டும் அப்போதே விளக்குவானேன்? அதன் பொருள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், ஜானியின் கடிதத்தில் வருகிறது. மரணப்படுக்கையில் அதையே யோசித்துக்கொண்டிருந்த ஜானி, பால்யத்தின் மாசற்ற நிலையைத்தான் அந்தக் கவி சொன்னார் என்று தான் கண்ட அர்த்தத்தைத் தோழனுக்கு எழுதி வைத்திருக்கிறான். ஏழு அத்தியாயங்கள், இரண்டு சாவுகள், ஒரு பெருஞ்சண்டை ஆகிய இத்தனையையும் கடந்து வந்து அந்த விளக்கம் கிடைக்கும்போதுதான் அது விளக்கமாக இருக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் கவிதையை ஒருமுறை வாசித்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மேலே செல்லும் உபாத்தியாயர், வாரக்கணக்கில் ஒரு விதையை மண்ணுக்குள் விட்டு வைக்கிறார். அந்த மௌனம் சோம்பல் என்று மேற்பார்வையாளர் கருதக்கூடும், கருதினால் கருதட்டும்.

மேற்பார்வையாளர் என்றதும், நூலின் கடினத்தை எண்ணால் அளக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. வாக்கிய நீளத்தையும் சொற்களின் பழக்கத்தையும் கொண்டு கணக்கிடும் லெக்ஸைல் அளவையில் இந்த நாவலுக்கு 750 என்று எண் கிடைக்கிறது. 2010-இல் வந்த காமன் கோர் பாடத்திட்டக் குறிப்புகளோ ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 955-க்கு மேற்பட்ட நூல்களை எதிர்பார்த்தன. அதே குறிப்புகளிலேயே, ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலுக்கு 680 என்றே எண் வருகிறது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எண்ணைத் தந்தவர்களே அதன் போதாமையையும் சொல்லிவிட்டபடியால், நாம் அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை.

நாவலில் குறைகள் உண்டு. தேவாலயத் தீ கதையின் வசதிக்காக மூண்டதாகவே தோன்றுகிறது. பெண் பாத்திரங்களில் செரி என்ற ஸோஷ் பெண் ஒருத்திதான் மனத்தில் நிற்கிறாள். தன் வீட்டு முற்றத்திலிருந்து அவள் காணும் அஸ்தமனத்தையே தன் வீட்டுப் பின்படியிலிருந்து தானும் காண்பதாகப் போனிபாய் உணரும் இடம் நூலின் சிகரங்களில் ஒன்று என்றாலும், அவளுக்கென்று ஒரு வாழ்க்கை நூலில் இல்லை. இவற்றினும் பெரிது இன்னொன்று. கறுப்பின மக்களின் செழிப்பான கிரீன்வுட் பகுதி 1921-இல் வெள்ளையர் கும்பலால் எரித்துச் சாம்பலாக்கப்பட்டது ஹிண்டனின் டல்ஸாவில்தான். அந்த நகரத்துச் சமூக பேதங்களைச் சொல்ல எழுந்த கதையில், பெயர் பெற்ற பாத்திரமாகக் கறுப்பினத்தார் ஒருவரும் வரவில்லை. இதை மறைக்கவும் வேண்டாம், இதற்காக நூலைத் தள்ளவும் வேண்டாம். இந்தக் கதையில் இல்லாதவர் யார் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டால் அவர்கள் சொல்வார்கள். அதன்பின் 2015-இல் நியூபரி பரிசு பெற்ற குவாமி அலெக்ஸாண்டரின் 'தி கிராஸோவர்' போன்ற நூலை அவர்கள் கையில் கொடுத்தால், கறுப்பினச் சகோதரர் இருவரின் கதையைக் கவிதையிலேயே படிப்பார்கள்.

ஆக்ஷேபணைகளுக்கும் பஞ்சமில்லை. புகை, மது, கத்தி, சிதறிய குடும்பங்கள் ஆகியவற்றைக் காரணம் காட்டி இந்த நூலை விலக்க வேண்டும் என்று பல ஊர்களில் பெற்றோர் வாதாடியிருக்கிறார்கள். 1990 முதல் 1999 வரையில் மிகுதியாக ஆக்ஷேபிக்கப்பட்ட நூறு நூல்களைக் கொண்டு அமெரிக்க நூலகச் சங்கம் தயாரித்த பட்டியலில் இதுவும் இருக்கிறது. அதே சங்கம்தான் 1988-இல், இளைஞர் இலக்கியத்துக்கென ஏற்படுத்திய மார்கரெட் எட்வர்ட்ஸ் பரிசை முதன்முதலாக ஹிண்டனுக்கு வழங்கியது. பெற்றோரின் கவலையை நான் அற்பமாகக் கருதவில்லை. கலிபோர்னியாவிலும் நியூஜெர்ஸியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இதைப் படித்துவிட்டு வரக்கூடும். வீட்டில் அதைப் புரட்டிப் பார்க்கும் தாயார் திடுக்கிட்டால் அது இயல்பே. அவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நூலை முழுவதும் படியுங்கள், பிள்ளைக்கு முன்பே படியுங்கள், அதில் வன்முறையை அனுபவித்து ரஸிக்கும் ஒரு வரியாவது அகப்படுகிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளிடம் இந்த நூல் என்ன செய்ய வல்லது என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1980-இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவை அடுத்த லோன் ஸ்டார் பள்ளியின் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள், இதைத் திரைப்படமாக எடுக்கும்படி வேண்டிக் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைப் பள்ளி நூலகர் ஜோ எலன் மிஸாகியன், 'காட்ஃபாதர்' எடுத்துப் புகழின் உச்சியில் இருந்த ஃபிரான்ஸிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்கு அனுப்பி வைத்தார். அவர் அதை மதித்து நாவலைப் படித்தார். 1983-இல் படம் வெளிவந்தது. அதில் விடுபட்டிருந்த குடும்பக் காட்சிகளை 2005-இல் மீண்டும் சேர்த்து அவர் புதுப்பதிப்பும் வெளியிட்டார். நாவலை முடித்ததும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது பள்ளிகளில் வழக்கம். போட்டுவிட்டு உபாத்தியாயர் திருத்த வேலையைக் கவனிப்பதானால் பிரயோஜனம் சொற்பமே. 1983 பதிப்பில் தமையன்மாரின் காட்சிகள் குறைந்ததால் கதை யாருடைய கதையாக மாறிற்று என்று கேட்டால், ஒரு வார விவாதத்துக்குக் குறைவிராது.

முழு வகுப்பும் ஒரே நாவலைப் படிப்பதையே எதிர்ப்பவர்களும் உண்டு. மேய்ன் மாகாணத்தில் எட்டாம் வகுப்புக்குப் போதித்த நான்ஸி அட்வெல், 1987-இல் வெளியிட்ட 'இன் தி மிடில்' என்ற நூலில், எதைப் படிப்பது, எதை எழுதுவது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்ள வேண்டும் என்று தம் அனுபவத்திலிருந்து வாதித்தார். அவர் கூறுவதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எனினும், ஏழைப் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே அறையில் அமர்ந்து, கிரீஸர்களையும் ஸோஷ்களையும் பற்றி ஒரே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் சந்தர்ப்பம், தனித்தனி நூலைத் தனித்தனி மூலையில் படிப்பதால் கிடைக்காது. வருஷத்தில் ஒரு நூலையேனும் கூடிப் படிப்பது அவசியம். மற்றவை அவரவர் இஷ்டம் போல் இருக்கலாம்.

நூல் முடிந்தபின் எழுத்து வேலை வருகிறது. முகவுரைக்கு ஒரு பத்தி, காரணங்களுக்கு மூன்று, முடிவுரைக்கு ஒன்று என்று ஐந்து பத்திகளில் அளந்து வைத்த வியாசத்தையே பல பள்ளிகளில் கேட்கிறார்கள். போனிபாய் தன் உபாத்தியாயருக்குத் தொலைபேசியில் பேசி, வியாசம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கேட்கையில், ஐந்து பக்கத்துக்குக் குறையாமல் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பதிலே கிடைக்கிறது. அதைப் படித்து முடித்த அதே வாரத்தில் பிள்ளைகளுக்கு ஐந்து பத்திக் கட்டளை இடுவது எனக்குப் பொருந்தவே இல்லை. உங்கள் பள்ளியில், தெருவில், வீட்டில் ஒருவரும் அறியாத விஷயம் எது, அதை அறியாதவர்களுக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டு, வகுப்பு நேரத்திலேயே பல நாள் அவகாசம் கொடுத்து, உபாத்தியாயரும் அவர்களோடு அமர்ந்து தாமும் எழுதுவாரானால், இந்த நாவலுக்கு அதுவே தகுந்த மரியாதை. போனிபாய் டாரியைப் பற்றிச் செய்தது போலக் கண்டதையும் நினைத்ததையும் கலந்துவிடாமல் எழுதியிருக்கிறார்களா, பேச்சு பேச்சாகக் கேட்கிறதா, தொடங்கிய இடம் சரிதானா என்ற எழுத்தின் குணங்களுக்கே மதிப்பெண்.

இப்படிக் கேட்டால் உண்மை வந்துவிடும் என்பதையும் உபாத்தியாயர் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும். ஜானியைப் போல வீட்டில் அடிபடும் பிள்ளை வகுப்பிலேயே இருக்கலாம். இந்த நாவலைப் படித்தபின் அதை எழுதும் துணிவும் அவனுக்கு வரலாம். அமெரிக்காவின் எல்லா மாகாணங்களிலும், பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகிக்க நேர்ந்தால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியது உபாத்தியாயரின் சட்டபூர்வமான கடமை. ஆகையால், ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்களித்து எழுத வாங்கிவிட்டுப் பின்னர் அறிவிப்பது பிள்ளைக்கு இழைக்கும் துரோகமாகும். பேனாவை எடுக்குமுன்பே இந்தச் சட்டத்தை வகுப்பில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எவரையும் தம் எழுத்தைச் சபையில் வாசிக்கும்படி வற்புறுத்தலாகாது. பள்ளியின் ஆலோசகர் எந்த அறையில் இருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொந்தப் பெயரில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் வேறொருவரின் வாயில் வைத்துக் கற்பனையாகவும் எழுதலாம் என்ற வழியையும் காட்டலாம். ஹிண்டனும் தம் பள்ளிக்கூடத்துப் பகையை ஒரு பையனின் வாயில் வைத்து, டல்ஸா என்ற ஊர்ப்பெயரை நாவலின் எந்த இடத்திலும் உச்சரிக்காமல்தான் எழுதினார்.